டவர் சொல்லும் இடம், போன் சொல்லும் இடம்

சினிமாவில் இது ரொம்பச் சுலபம். கடத்தல்காரன் போனில் மிரட்டிக்கொண்டிருப்பான். இன்ஸ்பெக்டர் கையால் சைகை காட்டுவார், "இன்னும் முப்பது செகண்ட் பேச வையுங்க" என்று. பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவரின் திரையில் வரைபடம் பெரிதாகிக்கொண்டே போய் ஒரு வீட்டின் கூரைமேல் சிவப்புப் புள்ளி விழும். இதையே பார்த்துப் பழகியவர்களுக்கு 108-ஐ அழைக்கும்போது எரிச்சல் வருவது இயல்புதான். "எந்த மாவட்டம்? எந்த ஊர்? பக்கத்துல என்ன இருக்கு?" என்று எதிர்முனையில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே ஆள் மயங்கிக் கிடக்கிறார், அங்கே விலாசம் விசாரிக்கிறார்கள். "அதான் போன்லயே தெரியுமே!" என்று கத்துபவர்கள் உண்டு.

போனிலிருந்து ஓரளவு தெரியும். அந்த 'ஓரளவு' எவ்வளவு, எங்கிருந்து வருகிறது, எத்தனை தூரம் நம்பலாம் என்பது பலருக்கும் தெரிவதில்லை. அமெரிக்காவின் அவசர எண்ணான 911-ஐ வைத்துத்தான் இதை நன்றாக விளக்க முடியும். அங்கேதான் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக இதற்கென்றே விதி போட்டு, மீட்டர் கணக்கில் இலக்கு வைத்து, நிறுவனங்களோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். நம் 112-க்கும் 108-க்கும் கடைசியில் வருவோம்.

முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிறு நகரில் ஒலித்தது. அன்றைக்கு அழைப்பவர் வாயால் சொன்னால்தான் இடம். பிற்பாடு வந்த மேம்பட்ட 911 முறை இரண்டு காரியங்களைச் செய்தது: அழைத்த எண்ணைத் தானாகவே காட்டியது, அந்த எண்ணுக்கு உரிய முகவரியைத் தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்துத் திரையில் போட்டது. உண்மையில் யாரும் யாரையும் 'கண்டுபிடிக்க'வில்லை. கம்பி சுவரில் அடிக்கப்பட்டிருந்தது, சுவர் நகராது, அந்தச் சுவருக்கு ஒரு முகவரி இருந்தது. அவ்வளவுதான். பேச முடியாமல் ரிசீவரைக் கீழே போட்டவரின் வீட்டுக்கும் போலீஸ் போய் நின்றதற்கு இந்தப் பதிவேடே காரணம்.

ஆனால் பதிவேட்டில் இருந்தது கம்பிக்குக் காசு கட்டுகிறவரின் முகவரி. பத்துக் கட்டடங்கள் உள்ள கல்லூரியில் எந்த அறையிலிருந்து அழைத்தாலும் திரையில் முன்வாசல்தான் வரும். ஓட்டல்களில் இன்னொரு சிக்கல்: வெளியே பேச முதலில் ஒரு 9 அழுத்த வேண்டும். 2013-இல் டெக்சாஸில் ஒரு மோட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது அவருடைய ஒன்பது வயது மகள் நான்கு முறை 911-ஐ அழுத்தினாள். சொல்லிக்கொடுத்தபடியேதான் அழுத்தினாள். முன்னால் ஒரு 9 வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு அழைப்பும் போகவில்லை. தாய் இறந்துபோனார். எந்த முன்எண்ணும் இல்லாமல் 911 நேரே போக வேண்டும் என்ற சட்டம் 2018 பிப்ரவரி 16 அன்று கையெழுத்தானது, முதல் 911 அழைப்புக்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து.

செல்போன் வந்ததும் பதிவேடு செல்லாக்காசாகிப் போனது. எண் யாருடையது என்று தெரியும்; அவர் எங்கே நிற்கிறார் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1996-இல் இதற்கு ஒரு உத்தரவு போட்டது. முதல் கட்டத்தில், அழைத்தவரின் எண்ணும் அவருடைய அழைப்பைப் பிடித்த டவரும் 911 மையத்துக்குத் தெரிய வேண்டும். இரண்டாம் கட்டத்தில் அட்சரேகை, தீர்க்கரேகையே வர வேண்டும். 1999-இல் திருத்திய இலக்கின்படி, போனுக்குள்ளேயே கணக்குப் போடும் முறையானால் நூற்றுக்கு 67 அழைப்புகளில் 50 மீட்டருக்குள், 95 அழைப்புகளில் 150 மீட்டருக்குள். டவர்கள் பக்கமிருந்து கணக்குப் போட்டால் 100 மீட்டர், 300 மீட்டர் என்று கொஞ்சம் தளர்வு.

இந்த இரண்டு கட்டங்களும் இன்றும் 911 பணியாளரின் திரையில் கண்ணுக்குத் தெரிகின்றன. கிட்டப் போய்ப் பார்க்கலாம். செல்போன் அழைப்பு விழுந்ததும் திரும்ப அழைப்பதற்கான எண் வரும். அதன் கீழே செல்போன் நிறுவனத்தின் பெயர், அப்புறம் ஒரு முகவரி. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஏமாறும் இடம் இதுதான்: அது டவர் நிற்கும் இடத்தின் முகவரி. அங்கே வண்டியை அனுப்பினால் ஓர் இரும்புக் கம்பத்தைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். பக்கத்தில் 'வடக்கு', 'தென்கிழக்கு' என்று ஒரு திசை இருக்கும். டவரின் எந்த முகம் அந்த போனைப் பிடித்தது என்று அர்த்தம். ஓரத்தில் டபிள்யூ.பி.எச்.1 என்று ஒரு குறி, அதாவது முதல் கட்டத் தகவல் மட்டுமே வந்திருக்கிறது.

கொஞ்ச நேரம், சுமார் அரை நிமிடம் கழித்து, பணியாளர் ஒரு பொத்தானைத் தட்டுவார். அதற்கு 'ரீபிட்' என்று பெயர். இடத்தை மறுபடியும் கணக்கிட்டுத் தா என்று நெட்வொர்க்கைக் கேட்பது. நல்லபடியாக அமைந்தால் குறி டபிள்யூ.பி.எச்.2 என்று மாறி அட்சரேகை, தீர்க்கரேகை வரும். கூடவே இன்னும் இரண்டு எண்கள் வரும். சினிமா காட்டாதது இந்த இரண்டையும்தான். ஒன்று மீட்டரில் ஒரு ஆரம். மற்றது ஒரு சதவீதம், பெரும்பாலும் 90. "இந்தப் புள்ளியைச் சுற்றி இத்தனை மீட்டரில் ஒரு வட்டம் போடு, ஆள் அதற்குள் இருக்க நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு" என்று பொருள். அப்படியானால் பத்தில் ஒரு அழைப்பில் ஆள் வட்டத்துக்கு வெளியே இருக்கிறார். வட்டமும் சில நேரம் 15 மீட்டர், சில நேரம் ஆயிரம் மீட்டர். புள்ளி என்னவோ இரண்டுக்கும் ஒரே மாதிரி துல்லியமாகத்தான் தெரியும். வட்டத்தைப் பார்க்காமல் புள்ளியை மட்டும் நம்புகிற பணியாளர், தகவலே இல்லாத பணியாளரைவிட ஆபத்தானவர் என்பது என் எண்ணம். இல்லாதவராவது கேட்பார்.

டவரை மட்டும் வைத்து என்ன தெரியும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டவர் பொதுவாக மூன்று முகங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றும் 120 டிகிரியைப் பார்த்துக்கொள்ளும். பழைய 2ஜி முறையில் போன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் டவர் தோராயமாக அறியும். தொலைவிலிருந்து வரும் சிக்னல் சற்றுத் தாமதமாக வந்து சேரும் என்பதால், "நீ இவ்வளவு முன்கூட்டியே பேசு" என்று டவர் ஒவ்வொரு போனுக்கும் 0 முதல் 63 வரை ஓர் எண் கொடுக்கிறது. ஒவ்வொரு எண்ணும் சுமார் 550 மீட்டர். (63-ஐ 550-ஆல் பெருக்கினால் சுமார் 35 கிலோமீட்டர், சாதாரண 2ஜி டவரின் எல்லை அதுதான்.) ஆக, போன் 5 கிலோமீட்டரில் இருக்கிறது என்று தெரிந்தால் நமக்குக் கிடைப்பது வில் மாதிரி வளைந்த ஒரு பட்டை: அகலம் 550 மீட்டர், நீளம் பத்துக் கிலோமீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட 6 சதுர கிலோமீட்டர். ஒரு பேரூராட்சி முழுக்க அதில் அடங்கிவிடும். 4ஜி-யில் ஒரு படி 78 மீட்டர்தான் என்பதால் பட்டை மெலிகிறது. ஆனால் நீளம் அப்படியே இருக்கிறது. இரண்டு மூன்று டவர்கள் ஒரே போனைக் கேட்டால்தான் பட்டைகள் குறுக்கே வெட்டி ஓர் இடம் கிடைக்கும். நகரத்தில் அது நடக்கும். கிராமத்திலும் மலையிலும் ஒரு டவர் கிடைப்பதே பெரிய பாடு.

டவர் இன்னொரு காரியத்தையும் தீர்மானிக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது: அழைப்பு எந்த மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது. அமெரிக்காவில் 911 மையங்கள் மாவட்ட அளவிலும் நகர அளவிலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சிக்னல் மாவட்ட எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. 2014 டிசம்பரில் ஜார்ஜியாவில் அதிகாலையில் பத்திரிகை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கார் குளத்துக்குள் இறங்கிவிட்டது. மூழ்கும் காரிலிருந்து 911-ஐ அழைத்தார். தெருவின் பெயரைத் தெளிவாகச் சொன்னார். அழைப்பைப் பிடித்த டவர் பக்கத்து மாவட்டத்தைச் சேர்ந்தது. அழைப்பும் பக்கத்து மையத்துக்குப் போனது. அந்த மையத்தின் வரைபடத்தில் அந்தத் தெரு இல்லை. இடம் சொல்லியும் இடம் கிடைக்கவில்லை. காரிலிருந்து அவரை மீட்டும் காப்பாற்ற முடியவில்லை. டவரைப் பார்க்காமல் போன் இருக்கும் இடத்தைப் பார்த்து அழைப்பைத் திருப்பிவிட வேண்டும் என்ற விதியை எஃப்.சி.சி. 2024 ஜனவரியில்தான் கொண்டுவந்தது.

நம் எல்லைப்புற ஊர்க்காரர்களுக்கு இது விளக்காமலே புரியும். ஓசூர்ப் பக்கம் போன் கர்நாடகச் சிக்னலைப் பிடித்துக்கொண்டால், மூன்று இலக்க அவசர எண்ணை அந்த நெட்வொர்க் தன் பக்கத்து மையத்துக்குத்தான் கொண்டு போகும்.

சரி, ஜி.பி.எஸ். இருக்கிறதே? இருக்கிறது, அது போனுக்குள் வந்த கதையிலேயே 911-க்குப் பெரிய பங்கு உண்டு. எஃப்.சி.சி.யின் இரண்டாம் கட்ட விதி அமலுக்கு வந்த ஆண்டுகளில், அதைச் சமாளிக்கவே அமெரிக்காவின் சில நிறுவனங்கள் தம் போன்களில் ஜி.பி.எஸ். சில்லுகளை வைக்க ஆரம்பித்தன. 2000 மே மாதம்வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்துவந்தது. அதை நிறுத்தியதும் துல்லியம் ஒரே நாளில் கூடியது. ஆட்டோ கூப்பிடும் செயலி, வழி காட்டும் செயலி எல்லாம் பின்னால் வந்து ஏறிக்கொண்டவை.

செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து வரும் சிக்னல் தரைக்கு வரும்போது மிக மெலிந்துவிடும்; கான்கிரீட் கூரைக்குள் அநேகமாக நுழையாது. நான்கு செயற்கைக்கோள்களாவது வேண்டும், ஏனென்றால் இடத்தின் மூன்று அளவுகளோடு போனின் கடிகாரப் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மைக்ரோ செகண்ட் பிசகினால் 300 மீட்டர் பிசகும். தான் எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு செயற்கைக்கோளும் நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் சொல்கிறது. முழுதாகக் கேட்க அரை நிமிடம் ஆகும். அவசரத்தில் அது நெடுங்காலம். அதனால் "இப்போது உன் தலைக்கு மேல் இன்ன இன்ன செயற்கைக்கோள்கள் இருக்கின்றன" என்ற விவரத்தை நெட்வொர்க்கே போனுக்குக் கொடுத்துவிடுகிறது. அப்படிக் கொடுத்தால் திறந்தவெளியில் சில நொடிகளில் இடம் கிடைத்துவிடும்.

வீட்டுக்குள் காப்பாற்றுவது வைஃபை. ஒவ்வொரு வைஃபை பெட்டியும் தனக்கே உரிய ஓர் அடையாள எண்ணை இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. எந்த எண் எந்த இடத்தில் கேட்கிறது என்ற பெரும் பட்டியலை கூகுளும் ஆப்பிளும் வைத்திருக்கின்றன. நம் போன்களே நடந்து திரிந்து அந்தப் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டும் இருக்கின்றன. பாஸ்வேர்டு தேவையில்லை, இணைய வேண்டியதும் இல்லை. பெயர் காதில் விழுந்தால் போதும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சுற்றிலும் இருபது வைஃபை கேட்டால் போன் தன் இடத்தைச் செயற்கைக்கோளே இல்லாமல் சொல்லிவிடும்.

இப்போது எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வி. பிரியாணி கொண்டுவருகிறவருக்கு என் வாசல் தெரிகிறது, ஆம்புலன்சுக்கு ஏன் தெரியவில்லை? உணவுச் செயலி போனுக்குள் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். போன் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருக்கும் இடத்தை அது இணையம் வழியாக எடுத்துக்கொள்கிறது. போதாததற்கு நீங்களே வரைபடத்தில் குறியை நகர்த்தி, மாடி எண்ணும் எழுதியிருக்கிறீர்கள். அவசர அழைப்போ குரலைக் கொண்டுபோக அமைத்த பாதையில் போகிறது. அந்தப் பாதையில் இடத்தைச் சொல்ல வேண்டிய பொறுப்பை ஆரம்பத்திலிருந்தே செல்போன் நிறுவனங்களிடம் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த டவர், தங்கள் கணக்கு என்றே போனார்கள். பாக்கெட்டில் இருக்கும் போனுக்கு இடம் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை. தொழில்நுட்பம் தயாராகிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் இந்த நிலைதான். குறை விதியை எழுதிய விதத்தில் இருந்தது என்று சொல்வேன்.

இதை உடைத்தது பிரிட்டன். 2014-இல் பி.டி., இ.இ. என்ற இரு தொலைதொடர்பு நிறுவனங்களும் போன் தயாரிப்பாளரான எச்.டி.சி.யும் சேர்ந்து ஓர் எளிய வழியைச் சோதித்தன. அந்நாட்டு அவசர எண்ணான 999-ஐ அழுத்தியதும் போன் தானாகவே விழித்துக்கொள்ளும். லொகேஷன் அணைந்திருந்தால் போட்டுக்கொள்ளும், வைஃபையைக் கேட்கும், இருபது நொடிக்குள் கிடைத்த சிறந்த இடத்தை ஒரு எஸ்.எம்.எஸ்.ஸாக அவசர மையத்துக்கு அனுப்பும். அழைத்தவர் பேசிக்கொண்டே இருப்பார்; அனுப்பியது அவருக்குத் தெரியவும் தெரியாது, காசும் இல்லை. அழைப்பு முடிந்ததும் லொகேஷன் பழைய நிலைக்குத் திரும்பும்.

அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் பிரித்துப் பார்த்தால் அழகாக இருக்கிறது. 160 எழுத்துக்குள் எல்லாவற்றையும் அடைத்திருக்கிறார்கள். முதலில் அட்சரேகை, தீர்க்கரேகை. அடுத்து ஆரம், மீட்டரில். பிறகு அந்த இடத்தைக் கணக்கிட்ட நேரம், நொடிவரை. ஓடும் பேருந்திலிருந்து அழைத்தவருக்கு இது முக்கியம். அப்புறம் நம்பிக்கைச் சதவீதம். அதற்கடுத்து ஒற்றை எழுத்து ஒன்று: செயற்கைக்கோளில் கிடைத்ததா, வைஃபையா, டவரா என்று சொல்வதற்கு. எதுவுமே கிடைக்கவில்லை என்பதற்கும் ஓர் எழுத்து உண்டு. பின்னால் சிம், கருவி ஆகியவற்றின் அடையாள எண்கள், எந்த அழைப்போடு இதைச் சேர்க்க வேண்டும் என்று மையம் பொருத்திப் பார்ப்பதற்காக. எவ்வளவு தெரியும், எப்படித் தெரியும், எந்த அளவுக்கு நிச்சயம் என்று மூன்றையும் சேர்த்தே சொல்லும் இந்த நேர்மைக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

கூகுள் இதை 2016-இல் ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றுக்கும் கொண்டுவந்தது. ஆப்பிள் 2018 மார்ச்சில் சேர்த்தது. 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் இது கட்டாயம். அமெரிக்காவில் வேறு பாதையில் வந்தது: 2018 முதல் ஆப்பிள், கூகுள் போன்கள் தாங்களே கணக்கிட்ட இடத்தை ரேபிட்எஸ்.ஓ.எஸ். என்ற நிறுவனத்தின் வழியாக 911 மையங்களுக்கு இணையத்தில் அனுப்பத் தொடங்கின. அதனால் சில மையங்களில் ஒரே அழைப்புக்கு இரண்டு புள்ளிகள் தெரியும்: செல்போன் நிறுவனம் சொல்லும் இடம் ஒன்று, போன் சொல்லும் இடம் ஒன்று. இரண்டும் நெருங்கியிருந்தால் நிம்மதி. விலகியிருந்தால், எந்த வட்டம் சிறியது, எது புதியது என்று பார்க்கிற வேலை மனிதருடையது.

புள்ளி வந்துவிட்டது, கட்டடமும் தெரிகிறது. எந்த மாடி? பதினான்கு மாடிக் கட்டடத்தில் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் மருத்துவப் பணியாளருக்கு 10 மீட்டர் துல்லியத்தால் பயனில்லை. பல போன்களில் காற்றழுத்தமானி இருக்கிறது. ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறையும். இந்த வேறுபாட்டை அது உணரும். ஆனால் மழை மேகம் கூடினாலே அழுத்தம் நூற்றுக்கணக்கான பாஸ்கல் இறங்கிவிடும் என்பதால், அந்த ஊரின் அன்றைய அழுத்தத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். எஃப்.சி.சி. 2019-இல், நூற்றுக்கு எண்பது அழைப்புகளில் 3 மீட்டருக்குள் உயரம் தெரிய வேண்டும் என்று இலக்கு வைத்தது. 3 மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு மாடி.

அதிலும் ஒரு வேடிக்கை. வரும் உயரம் மாடி எண்ணாக வராது. தரையிலிருந்தோ கடல்மட்டத்திலிருந்தோ அளந்ததாகவும் இருக்காது. பூமிக்குப் பொதுவாகக் கற்பித்துக்கொண்ட ஒரு சீரான நீள்கோள மேற்பரப்பிலிருந்து அளந்த உயரம் அது. உண்மையான கடல்மட்டம் அதோடு ஒத்துப்போவதில்லை, அதிலும் உலகிலேயே மிக அதிகமாகக் கீழே தாழ்ந்திருப்பது நம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் தெற்கே உள்ள கடல்தான். மெரினா மணலில் நிற்பவரின் உயரத்தை இந்தக் கணக்கில் கேட்டால் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே என்று வரும். இதிலிருந்து தரையின் உயரத்தைக் கழித்து, மாடிக்கு இத்தனை மீட்டர் என்று வகுத்துக் கொடுக்க மையத்தில் ஒரு மென்பொருளும், அந்தக் கட்டடத்தைப் பற்றிய தகவலும் வேண்டும். இல்லாவிட்டால் அது திரையில் வெறும் எண்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் தெரிவது போன் இருக்கும் இடம்தான். விபத்து இருக்கும் இடம் வேறாக இருக்கலாம். நெடுஞ்சாலையில் கவிழ்ந்த வேனைப் பார்த்தவர் அங்கே நிற்கப் பயந்து ஐந்து கிலோமீட்டர் தாண்டிப் போய் அழைப்பார். சென்னையில் வேலை செய்யும் மகனுக்குத் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்கா போன் போட்டு "அம்மா விழுந்துட்டாங்க தம்பி" என்பார். 108-ஐ அழைப்பது மகன். போன் மிகத் துல்லியமாகச் சொல்லும், சென்னையின் ஓர் அலுவலகத்தை. மகன் பெங்களூரில் இருந்தால் அவர் அழைக்கும் 108 கர்நாடகத்துடையது. பல 911 மையங்கள் "என்ன ஆயிற்று?" என்பதற்கு முன்னால் "எங்கே ஆயிற்று?" என்று கேட்கப் பழக்கியிருப்பதற்குக் காரணம் இதுவும்தான். இன்னொரு காரணம் எளிது: அடுத்த நொடி லைன் அறுந்தாலும், என்ன நடந்தது என்று தெரியாமலே ஒரு வண்டியை அனுப்ப முடியும், எங்கே என்று தெரியாமல் முடியாது.

பேச முடியாதவர்கள் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கையும் பரவிக் கிடக்கிறது. பிரிட்டனில் செல்போனிலிருந்து 999-ஐ அழைத்துப் பேச முடியாமல் இருந்தால், கேட்கும்போது 55 அழுத்த வேண்டும். அழைப்பு போலீசுக்கு மாற்றப்படும். '55 அழுத்தினால் போலீஸ் உங்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிடும்' என்று சமூக வலைத்தளங்களில் அது உருமாறிச் சுற்றுகிறது. 55 இடத்தைச் சொல்வதில்லை. இது தவறி அழுத்திய அழைப்பு அல்ல என்பதை மட்டுமே சொல்கிறது.

இந்தியாவுக்கு வருவோம். ஒரே அவசர எண்ணாக 112 வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015-இல் பரிந்துரைத்தது. 2016-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது: 2017 ஜனவரி 1 முதல் விற்கும் எல்லா போனிலும் அவசரப் பொத்தான் இருக்க வேண்டும், 2018 ஜனவரி 1 முதல் ஜி.பி.எஸ். வசதியும் இருக்க வேண்டும். சாதாரண பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ நீளமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும். ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை மூன்று முறை தட்ட வேண்டும் என்று வகுத்தார்கள். 112 சேவை 2018 நவம்பரில் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களுக்கு வந்தது. சாதாரண அழைப்புக்குச் செல்போன் நிறுவனம் தரும் இடம் வரும். 112 இந்தியா செயலியில் அழைத்தால் போன் கணக்கிட்ட இடமே போகும். ஆனால் ஆபத்து நேரத்தில் எத்தனை பேர் செயலியைத் தேடித் திறப்பார்கள்? கை தானாகப் போவது எண்களுக்குத்தான். செயலியை இறக்கச் சொல்வது ஒரு அரைகுறைத் தீர்வு. எண்ணை அழுத்தினாலே இடம் போவதுதான் முழுத் தீர்வு. கூகுளின் அந்த ஏற்பாடு இந்தியாவில் முதன்முதலாக 2025 இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் 112-இல் செயலுக்கு வந்தது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் எல்லோரிடமும் அது ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. வந்து விழும் இடத்தை வாங்கிக்கொள்ள மையத்தில் ஏற்பாடு இல்லாததுதான் இத்தனை காலமும் குறை. அதோடு, அழுத்தும் எண்ணை அவசர எண் என்று போன் அறிந்திருந்தால்தான் அது விழித்துக்கொள்ளும்.

108 தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டி ஓட்டுபவரை அங்கே 'பைலட்' என்பார்கள். மையம் அழைப்பை எடுத்து வண்டியை ஒதுக்கிய பிறகு, பைலட்டோ கூட வரும் மருத்துவ உதவியாளரோ அழைத்தவருக்குத் திரும்பப் போன் செய்து வழி கேட்பது வழக்கம். வெளியிலிருந்து பார்த்தால் பழைய முறையாகத் தெரியும். ஆனால் 6 சதுர கிலோமீட்டர் பட்டையை ஒரு வாசலாகச் சுருக்குவது அந்த இரண்டாவது அழைப்புதான். 108-ஐ அழைத்த கையோடு சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு லைனை பிஸியாக வைத்திருப்பவர்கள் அந்த அழைப்பைத்தான் தடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முகவரி தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்டால் சொல்லக்கூடியவை நம்மைச் சுற்றியே எழுதி வைத்திருக்கின்றன. மின்கம்பத்தில் பெயின்டில் எண் இருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் இருக்கும். எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், நடுவில் தடுப்பு இருந்தால் எதிர்ப்பக்கத்துக்கு வந்த வண்டி அடுத்த யூ-டர்ன் வரை போய்த்தான் திரும்ப முடியும். ரயில் தண்டவாளத்தை ஒட்டி நின்றால் மின்கம்பி தாங்கும் தூண்களில் கிலோமீட்டரும் வரிசை எண்ணும் இருக்கும். ரயில்வேக்காரர்களுக்கு அது வீட்டு முகவரி மாதிரி. கடைப் பலகைகளில் பெரும்பாலும் ஊர்ப் பெயர் கடைசி வரியில் இருக்கும். ஒரே பெயரில் நாலு ஊர் இருப்பது நம் பக்கம் சகஜம் என்பதால், ஊர்ப் பெயரைச் சொல்வதற்கு முன்னால் தாலுகாவைச் சொல்லிவிடுவது நல்லது. பட்டன் போனிலிருந்து அழைப்பவருக்கு இன்றைக்கும் மையத்தில் தெரிவது அவருடைய டவர்தான்.